மாத்தளையில் பிறந்த அம்மாவைக் கன்னியா வெந்நீரூற்றுக்கு அழைத்துச் செல்வது குறித்து

கீரிப்பாறை மகன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்கு என் அம்மாவை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். போய் வந்தவர்களும் விவரம் அறிந்தவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பின்னணியைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் என் கேள்விகள் விளங்கும். அம்மாவுக்கு இப்போது 71 வயது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் வந்திறங்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அலைந்து திரிந்து கடைசியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. விடியும் முன்பே மலைச்சரிவில் ஏறி இறங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டுத் தொழிலாளியாக உழைத்தவரின் முட்டுகள் இரண்டும் இன்று தேய்ந்துபோய்விட்டன. சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. கைத்தடி ஊன்றி மெதுவாக நடக்கிறார்.

அம்மாவுக்குப் பத்து வயதிருக்கும்போது அவருடைய அப்பாயி இறந்துபோக, முப்பத்தோராம் நாள் சடங்குக்காகத் தாத்தா குடும்பத்தோடு திருகோணமலைக்குச் சென்றிருக்கிறார். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வரிசையாக நீர் மொண்டு எல்லோர் தலையிலும் ஊற்றினாராம். முதல் வாளிக்குச் சூடு தாங்காமல் அழுததையும், ஏழாவது கிணற்றை அடைந்தபோது இன்னும் ஊற்றச் சொல்லித் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்ததையும் அம்மா நேற்று நடந்ததுபோலச் சொல்வார்.

என் அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அடியந்திரமும் மற்ற கடமைகளும் குறைவின்றி முடிந்தன. இந்த ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பிண்டம் வைத்துப் பலியிட்டுத் திரும்பும்போது, தமக்கென்று எதையும் கேட்டுப் பழகாத அம்மா, "ஒரு தடவை அந்த வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் முட்டுவலியும் போகும், மனசும் ஆறும்" என்றார். அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை.

எனக்குள்ள ஐயங்கள் இவைதான். அந்த நீர் உண்மையில் எவ்வளவு சூடாக இருக்கும்? இமாசலப் பிரதேசத்தின் மணிகரணில் துணியில் அரிசியைக் கட்டி ஊற்றில் இறக்கிச் சோறாக்கும் காட்சியை இணையத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு அச்சமாக இருக்கிறது. வெந்நீர் ஊறுகிறதென்றால் அடியில் எரிமலை இருக்கிறது என்று பொருளா? முதியவர் ஒருவர் அங்கே இறங்கிக் குளிக்க வசதி உண்டா? பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில், அதாவது டிசம்பர் இறுதியில், போவதாக நினைத்திருக்கிறேன். அது ஏற்ற காலமா? முட்டுவலி தீரும் என்ற அம்மாவின் நம்பிக்கைக்கு நான் என்ன பதில் சொல்வது?

மார்த்தாண்டம் ஆசிரியர் (மறுமொழி):

தம்பி, நான் பணி ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியன். எரிமலை பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்லட்டும்.

இலங்கையில் எரிமலை கிடையாது. இந்தோனேசியா, ஜப்பான் போன்ற தீவுகளில் வெந்நீரூற்றும் எரிமலையும் அடுத்தடுத்து இருப்பதால், வெந்நீர்த் தீவு என்றாலே அடியில் நெருப்பு என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். நம் நாட்டின் உயிருள்ள எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவில் இருக்கிறது; இலங்கையோ இந்தியத் தீபகற்பத்தைப் போலவே மிகப் பழமையான, உறுதியான பாறையால் ஆனது. ஆகவே கன்னியாவில் காலடியில் எதுவும் கொதித்துக்கொண்டிருக்கவில்லை என்று அம்மாவிடம் தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் கூடிக்கொண்டே போகும். பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை ஏறும். மழைநீரின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கிக் கிணற்றுநீராகிவிடுகிறது. ஆனால் பாறையில் ஆழமான பிளவு இருக்கும் இடத்தில் அதில் ஒரு பங்கு பல நூறு மீட்டர், சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கி, அங்குள்ள பாறையின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு, வேறொரு பிளவின் வழியே அழுத்தத்தால் மேலே தள்ளப்படுகிறது. ஆறுவதற்குள் தரையை எட்டிவிட்டால் அது வெந்நீரூற்று. வீட்டில் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரைக் குளியலறைக்கு விரைந்து கொண்டுபோனால் சூடு நிற்பதும், வழியில் நின்று பேசினால் ஆறிப்போவதும் போலத்தான் இது.

இலங்கையின் வெந்நீரூற்றுகள் தீவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில்தான் பெரும்பாலும் காணப்படுகின்றன. திருகோணமலைப் பக்கம் கன்னியா, அம்பாறை மாவட்டத்தில் மகாஓயா, அம்பாந்தோட்டைப் பக்கம் மகாபெலஸ்ஸ ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. மலைநாட்டுப் பாறைத்தொகுதியும் கிழக்கிலுள்ள விஜயன் பாறைத்தொகுதியும் ஒன்றோடொன்று மோதிப் பொருந்திய எல்லை அந்தத் திசையில்தான் ஓடுகிறது. அந்தப் பொருத்துவாயை ஒட்டிய முறிவுகளே நீர் இறங்கவும் ஏறவும் வழிவிடுகின்றன.

ஏழு கிணறுகளும் சில அடி இடைவெளியில் இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் வேறுபடுவதை அங்கே போகிறவர்கள் எல்லோரும் வியந்து சொல்வார்கள். ஆழத்திலிருந்து வரும் வெந்நீரோடு மேல்மட்டத்தின் குளிர்ந்த நிலத்தடி நீர் ஒவ்வொரு கிணற்றிலும் வெவ்வேறு அளவில் கலப்பதே இதற்குக் காரணம். உங்கள் அம்மா முதல் கிணற்றில் அழுது ஏழாவதில் மகிழ்ந்ததற்கு உடல் சூட்டுக்குப் பழகியது ஒரு காரணம் என்றால், இந்தக் கலப்பு வேறுபாடு இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஓர் ஆசிரியனின் ஆசைக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். பூமியின் உள்வெப்பத்தில் பெரும் பங்கு, பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் உண்டாவது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இருப்பதும் அதே தோரியம்தான். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையிலும் நம் ஊரைப் போன்ற கனிம மணல் கரை இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய சார்னோக்கைட், கொண்டலைட் பாறைகள்தான் நம் மாவட்டத்திலும் இலங்கையின் மலைநாட்டிலும் கிடக்கின்றன. தோட்டத்து மக்களைப் பிரித்த கடல் அந்தப் பாறைக்கு மிகவும் பிந்தியது.

மணிகரணை நினைத்து அஞ்ச வேண்டாம். அது இமயத்தின் இளம் மலைத்தொடரில், கொதிநிலையை நெருங்கும் நீர். கன்னியாவில் அரிசி வேகாது. உடல் வெப்பத்தை ஒட்டியும் அதற்குச் சற்று மேலுமாகத்தான் அந்த நீர் இருக்கும்.

வடசேரிக்காரன் (மறுமொழி):

சென்ற ஆண்டு ஆகஸ்டில் 74 வயதான என் மாமனாரைக் கன்னியாவுக்கு அழைத்துச் சென்று வந்தேன். ஆசிரியர் ஐயா சொன்னதற்குப் பிறகு, நேரில் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனத்திலுள்ள படத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். அது இறங்கிக் குளிக்கும் குளமன்று. நீர் வழிந்தோடும் ஓடையுமன்று. சிறு கட்டுச்சுவர் எழுப்பிய, சதுர வடிவான, சில அடி ஆழமே உள்ள ஏழு கிணறுகள். அடித்தளம் தெளிவாகத் தெரியும். வாளியில் மொண்டு பக்கத்தில் நின்று தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. திற்பரப்பு அருவியைப் பார்த்து வளர்ந்த நமக்கு முதல் பார்வையில் "இவ்வளவுதானா" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் வாளி தோளில் விழுந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. குற்றாலத்திலும் உலக்கை அருவியிலும் உடல் நீரை எதிர்த்து நிற்கும். இங்கே நீர் உடலை மெல்லத் தளர்த்துகிறது.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இறங்க வேண்டாம் என்பதே பெரிய வசதி. நுழைவாயிலிலிருந்து கிணறுகள் வரை தரை பெரும்பாலும் சமமானது. கைத்தடியோடு மெதுவாக நடந்துவிடலாம். ஆனால் கிணறுகளைச் சுற்றித் தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் வழுக்கும். மாமனாரை உட்கார வைக்க நாங்கள் திருகோணமலைக் கடைத்தெருவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிச் சென்றோம். அந்த முக்காலி இல்லாதிருந்தால் அவரால் நிம்மதியாகக் குளித்திருக்க முடியாது. வாளிக்காகவும் ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் சிறிய வாளி ஒன்றும் குவளை ஒன்றும் நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

காலையில் திறந்தவுடன் உள்ளே சென்றுவிடுவது நல்லது. விடுமுறை நாளில் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கினால் ஏழு சிறு கிணறுகளைச் சுற்றி நூறு பேர் நிற்பார்கள். முதியவரை வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் நிற்க இயலாது. வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதல். இலங்கை ரூபாயைச் சில்லறையாக வைத்திருங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் கொண்டுபோக வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தான் முட்டுக்கு நல்லது என்று மாமனார் பிடிவாதமாக நின்றார். ஊற்று கெட்டுவிடும் என்று எடுத்துச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். பெண்கள் திறந்த வெளியில் உடையோடுதான் குளிக்கிறார்கள். அம்மாவுக்கு மாற்றுச் சேலையும், சுற்றிப் பிடித்து மறைக்கப் பெரிய துண்டு இரண்டும் கையில் இருக்கட்டும்.

சடங்கு பற்றி ஒரு வார்த்தை. இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்ய நிலத்தில் ஏழு இடங்களில் குத்த, ஏழு ஊற்றுகள் பிறந்தன என்பது அங்குள்ள நம்பிக்கை. அதனால்தான் ஈழத்துச் சைவர்கள் அந்தியேட்டி எனப்படும் முப்பத்தோராம் நாள் கடமைக்கு அங்கே வருகிறார்கள். உங்கள் தாத்தாவும் அதற்காகவே போயிருப்பார். இடம் இப்போது தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. சைவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் அந்த இடத்தின்மீது உரிமைகோரல் இருந்து, 2019இல் அது நீதிமன்றம் வரை சென்றது. ஆகவே பூவையோ எள்ளையோ கிணற்றில் இடாமல், அங்கே என்ன செய்யலாம் என்பதை ஊழியரிடம் முன்கூட்டியே பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி அம்மா ஒரு வாளி நீரைத் தம் தலையில் ஊற்றிக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

இனிப் பயணம். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. வானில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. பழைய கப்பல் பயணத்தின் நினைவுக்காக அம்மா அதை விரும்பக்கூடும். ஆனாலும் நாகர்கோவிலிலிருந்து நாகப்பட்டினம் போவதும், அங்கே இறங்கி யாழ்ப்பாணத்திலிருந்து மீண்டும் தெற்கே வருவதும் அவருடைய முட்டுக்குப் பெரும் சுமை. நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் இலங்கை அரசின் இணையதளத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

கொழும்பிலிருந்து திருகோணமலை சாலைவழி ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஒரே நாளில் போகாதீர்கள். நேர்வழியில் போகாமல் கண்டிக்குச் சென்று அங்கே இரவு தங்கி, மறுநாள் மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகப் போகும்படி உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்த நம் மக்கள் கடந்துசென்ற ஊர் அது. அம்மா சிறுவயதில் அந்தக் கோயில் தேரைப் பார்த்திருப்பார். வெந்நீரூற்றில் நீங்கள் செலவிடப்போவது ஒரு மணி நேரம். மாத்தளையில் அவருக்கு ஒரு முழுப்பொழுது கொடுங்கள்.

ஊற்றிலிருந்து திருகோணமலை நகரம் எட்டு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. முச்சக்கர வண்டி எளிதாகக் கிடைக்கும். திரும்பவும் அதே வண்டியில் வருவதாகப் பேசி, ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

குளச்சல் கடலோரன் (மறுமொழி):

டிசம்பரில் போகாதீர்கள். நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் உண்டு. திருகோணமலைக்கு மழையைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவம். அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். டிசம்பர் இறுதியில் வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை வந்துவிட்டால் சாலையில் வெள்ளம் நிற்கும், கடலும் சீறும்.

நம் கரையில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசினால் சாரலும் சேர்ந்து வரும். அதே கச்சான் இலங்கையின் மேற்கு மலைச்சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்குக் கரைக்கு வறண்ட வெப்பக் காற்றாக வந்து சேரும். அதனால் மே முதல் செப்டம்பர் வரை அங்கே வானம் தெளிந்திருக்கும். நிலாவெளி, உப்புவெளிக் கடலும் அமைதியாக இருக்கும். பகல் வெயில் மட்டும் கடுமையானது. பள்ளி விடுமுறை வேண்டுமென்றால் மே மாதமே ஏற்றது.

தக்கலைச் செவிலி (மறுமொழி):

அண்ணனுக்கு வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அம்மாவின் வயதையும் சர்க்கரை நோயையும் படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சொல்வது பொதுவான எச்சரிக்கை. புறப்படும் முன் அவரைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரிடம் பயணத்தையும் வெந்நீர்க் குளியலையும் சொல்லி, அவருடைய சொல்லைக் கேட்டே முடிவெடுங்கள்.

முட்டுவலி பற்றிய நம்பிக்கைக்கு உண்மையான பதில் இதுதான்: வெந்நீர் வலியைச் சில மணி நேரம் தணிக்கும். தசை தளரும், மூட்டின் இறுக்கம் குறையும், அன்றிரவு நன்றாக உறக்கம் வரும். தேய்ந்துபோன குருத்தெலும்பை அது வளர்த்துத் தராது. வீட்டில் இளஞ்சூடான நீரால் ஒத்தடம் கொடுத்தாலும் இதே தணிப்பு கிடைக்கும். அம்மா அங்கே போக விரும்புவது முட்டுக்காக மட்டும் அன்று என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அதனால் "வலி தீராது, போக வேண்டாம்" என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். குளித்த நாளில் வலி குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வரும் முதியவர்கள் பலர் செய்யும் தவறு அது.

சூடான நீர் பட்டால் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரியும். இரத்த அழுத்தம் இறங்கும். அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவருக்கு அது இன்னும் கூடுதலாக இறங்கக்கூடும். உட்கார்ந்து குளித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிடுவார்கள். இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். வடசேரி அண்ணன் சொன்ன முக்காலியில் உட்கார வைத்து, முதலில் கால், பிறகு கை, பிறகு தோள் என்று மெதுவாக ஊற்றுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும். முடித்த பிறகு சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, தண்ணீர் குடித்து, உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு எழட்டும்.

பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை நோய் என்றால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. "சூடு எப்படி இருக்கிறது" என்று அவருடைய காலைக் கேட்காதீர்கள், உங்கள் முழங்கையைக் கேளுங்கள். ஏழு கிணறுகளில் சூடு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். சூடு கூடிய கிணற்றின் நீரை வாளியில் சில நிமிடங்கள் ஆறவிட்டு ஊற்றலாம். நீரைவிட எனக்கு அச்சம் தருவது தரை. மே மாத வெயிலில் காய்ந்த கல்லிலும் சிமெண்டிலும் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்ததையே அறியாமல், புண் அழுகிய நிலையில் எங்களிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழுக்காத ரப்பர் செருப்பைக் கழற்றவே விடாதீர்கள். காலில் சிறு வெடிப்போ புண்ணோ இருந்தால் அன்று கால்பகுதியில் நீர் ஊற்ற வேண்டாம்.

இன்சுலின் போடுகிறவராக இருந்தால் இன்னும் ஒன்று. வெந்நீரில் இன்சுலின் உடலில் விரைவாக ஏறும். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். வெறும் வயிற்றோடு குளிக்க வைக்காதீர்கள். பையில் சீனியோ மிட்டாயோ இருக்கட்டும்.

கடைசியாக, மூக்கு. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் பற்றிய செய்திகளை நாம் எல்லோரும் பார்த்தோம். நெக்லேரியா எனப்படும் அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. 46 பாகை வரையிலான சூட்டையும் தாங்கும். குடித்தால் அது தொற்றாது. மூக்கு வழியே நீர் வேகமாக ஏறும்போதுதான் தொற்றும். நோய் மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம் என்பதால் எந்த நாட்டு வெந்நீரூற்றிலும் இந்தக் கவனம் வேண்டும். தலையில் ஊற்றும்போது அம்மா முன்பக்கமாகக் குனிந்து மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் நீரை அடித்து விளையாட வேண்டாம். அந்த நீரால் மூக்கைச் சிந்திக் கழுவும் பழக்கத்தையும் அன்று விட்டுவிடுங்கள்.

கீரிப்பாறை மகன்:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் என் நன்றி. டிசம்பர் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மே மாதத்தின் இரண்டாம் வாரத்தை முடிவு செய்திருக்கிறோம். மருத்துவரையும் பார்த்துவிட்டோம். அம்மாவுக்கு இன்சுலின் இல்லை, மாத்திரைதான். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதை அவர் சோதித்துச் சொன்னார். செவிலி அக்கா சொல்லியிராவிட்டால் நான் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

நேற்றிரவு ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மழைத்தண்ணீர்தான் பூமிக்குள் போய்ச் சூடேறி வருகிறது என்றதும், "அப்படியானால் அன்றைக்கு எங்கள் மேல் ஊற்றியதும் எப்போதோ பெய்த மழையா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். மாத்தளை வழியாகப் போகிறோம் என்றபோது அவர் முகம் மாறியதை எழுத எனக்குச் சொல் இல்லை. முத்துமாரியம்மன் தேர் பார்க்கத் தாத்தாவின் தோளில் ஏறிப் போனாராம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வீட்டு வாசலில் அப்பா நட்ட பலாமரத்தின் அடியில் ஊற்றுவதற்காக அந்த ஏழு கிணற்று நீரில் கொஞ்சம் எடுத்து வர வேண்டும் என்கிறார் அம்மா. விமானத்தில் கொண்டுவர முடியுமா?

மார்த்தாண்டம் ஆசிரியர்:

அம்மாவின் கேள்வி என் வகுப்பில் எந்த மாணவனும் கேட்காத நல்ல கேள்வி, தம்பி. ஆம், மழைதான். ஆழத்துக்கு இறங்கித் திரும்பும் நீர் அந்தப் பயணத்தில் நெடுங்காலத்தைக் கழித்துவிடுகிறது. அன்று அவர்மேல் விழுந்தது அவர் பிறப்பதற்கு முன்பே பெய்த மழையாக இருந்திருக்கக் கூடும் என்று சொல்லுங்கள்.

வடசேரிக்காரன்:

கொண்டுவரலாம். கையில் வைத்துக்கொள்ளும் பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மத்தை அனுமதிக்க மாட்டார்கள்; ஆகவே விமான நிலையத்தில் எடை போட்டுக் கொடுக்கும் பெட்டிக்குள் வையுங்கள். நீர் எடுக்கும் முன் அங்குள்ள ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக ஆறிய பிறகு அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் நிரப்பி, மூடியின்மேல் ஒட்டுநாடா சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் கட்டுங்கள். அம்மாவின் பெட்டியில் வேண்டாம், உங்கள் பெட்டியில் வையுங்கள். கசிந்தாலும் அவருடைய சேலைகள் நனையாது.

தக்கலைச் செவிலி:

மரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள், அண்ணா. தீர்த்தம் என்று சொல்லி யாரும் குடிக்கவோ பிள்ளைகளின் முகத்தில் தெளிக்கவோ வேண்டாம்.